பெரும்பான்மை, சிறுபான்மை, தப்பெண்ணம்: எது எதை உண்டாக்குகிறது?

தொலைக்காட்சி விவாதமோ டீக்கடைப் பேச்சோ, பெரும்பான்மை, சிறுபான்மை என்ற சொற்கள் அடிபடாத நாளில்லை. கவனித்துக் கேட்டால் அந்தப் பேச்சுக்கு அடியில் இரண்டு நம்பிக்கைகள் ஓடுவது தெரியும். முதலாவது, இது வெறும் தலைக்கணக்கு. அதிகம் பேர் இருந்தால் பெரும்பான்மை, குறைந்தால் சிறுபான்மை. இரண்டாவது, தப்பெண்ணம் என்பது கெட்ட மனசுக்காரர்களின் கோளாறு. நல்ல மனிதர்கள் கூடினால் அது தானாகக் கரைந்துவிடும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் நிலைமையைப் புரிந்துகொள்ளப் பார்த்தால் வழி தவறிவிடும்.

சமூகவியல் பக்கமே போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அதிகம் எடுத்துப் பேசப்போவது இலங்கையின் மலையகத் தமிழரின் கதையை. தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து அங்கே போனவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். சட்டம், கல்வி, முகவரி, வசைச்சொல் என்று இந்த உறவின் எல்லாப் பக்கங்களும் ஒரே மக்கள்மேல் விழுந்த இடம் அது.

படிவத்தில் ஒரு கட்டம்

வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பித்த தமிழர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. நமக்கோ குடும்பப் பெயர் வழக்கமில்லை. அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு காலம் தள்ளிவிட்டோம். ஒருவர் வேறு வழியில்லாமல் அப்பா பெயரை அதில் எழுதுவார்; போன ஊரில் எல்லோரும் அவரை ‘மிஸ்டர் முருகேசன்’ என்று அப்பா பெயராலேயே கூப்பிடுவார்கள். இன்னொருவர் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பார். அமெரிக்க விசாவில் அவருடைய பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் ஏறிக்கொள்ளும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகி வரும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை உள்ளே விடுவதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்ததும் நினைவிருக்கலாம்.

அந்தப் படிவத்தை வடிவமைத்தவருக்குத் தமிழர்மேல் ஒரு கோபமும் கிடையாது. தமிழர் என்ற ஞாபகமே அவருக்கு வந்திருக்காது. அவர் அறிந்த உலகத்தில் பெயர் என்றால் இரண்டு துண்டு. அதையே கட்டம் போட்டார், கட்டம் விதியாகிவிட்டது. பிறகு நடப்பதைப் பாருங்கள். சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் வேறு மாதிரி என்று நம் பெயர் சிதறுகிறது. தினமும் இதைப் பார்க்கும் கவுண்டர் ஊழியர், “இந்த ஊர் ஆட்களின் பேப்பர் எதுவுமே ஒழுங்காக இருக்காது” என்று ஒருநாள் சொல்லிவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் அந்த ஒழுங்கின்மையை உண்டாக்கியது அவர் கையிலிருக்கும் படிவம்.

இனி பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு சமூகத்தில் யாருடைய மொழியும் பெயரும் உடையும் பண்டிகையும் ‘இதுதான் வழக்கம்’ என்று சட்டத்திலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்திருக்கிறதோ, அவர்களுடையது ஆதிக்கப் பண்பாடு. அந்த வழக்கத்தின் முன் ஒவ்வொரு முறையும் நின்று தன்னை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியவர்களுடையது சிறுபான்மைப் பண்பாடு. ஆதிக்கப் பண்பாட்டுக்காரர்களுக்குத் தங்களுக்கு ஒரு பண்பாடு இருப்பதே பெரும்பாலும் தெரியாது. அதை அவர்கள் ‘சாதாரணம்’ என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

தலைக்கணக்கு ஏன் போதாது

தென்னாப்பிரிக்காவில் 1948 முதல் 1994 வரை நிறவெறி ஆட்சி நடந்தது. வெள்ளையர் அங்கே மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குதான், பிற்பாடு அதற்கும் குறைவு. ஆனால் நிலம், வாக்கு, ராணுவம், பாடத்திட்டம் எல்லாம் அவர்கள் கையில். கறுப்பின மாணவர்கள் பாதிப் பாடங்களை, ஆட்சியிலிருந்த வெள்ளையரின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் படிக்க வேண்டும் என்று அரசு போட்ட உத்தரவை எதிர்த்து, 1976 ஜூன் 16 அன்று கறுப்பினத்தவர் வாழ்ந்த சொவெட்டோ பகுதிப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டது. தலைக்கணக்குப்படி யார் பெரும்பான்மை என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. பள்ளியில் எந்த மொழி என்பதை முடிவு செய்தது வேறு ஆட்கள்.

லூயி விர்த் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1945லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார். உடல் அடையாளத்தாலோ பண்பாட்டாலோ தனியே பிரிக்கப்பட்டு, சமமில்லாத நடத்தைக்கு ஆளாகி, அப்படி ஆளாவதைத் தாங்களும் உணர்ந்திருக்கும் கூட்டம்தான் சிறுபான்மை என்றார். எண்ணிக்கையை அவர் அளவுகோலாக வைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த நிலை ஆளோடு ஒட்டிப் பிறப்பதில்லை, இடத்துக்கு இடம் மாறும். டெல்லியில் ‘மதராசி’ என்று கேலிக்கு ஆளான தமிழர், திருப்பூருக்குத் திரும்பி வந்து பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பீகார்ப் பையனை ‘வடக்கன்’ என்று கூப்பிடுகிறார். நாடு முழுக்க எண்ணினால் இந்தி பேசுபவர்கள் பெரிய கூட்டம். திருப்பூர் பஸ் போர்டையும் ரேஷன் கடைப் பலகையையும் படிக்க முடியாமல் நிற்கும்போது அந்தப் பையன் சிறுபான்மை. அவனுக்கு எதிரே நிற்கும் நாம், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அந்த இடத்தில் ஆதிக்கப் பண்பாடு. நம்மவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது. டெல்லியில் நமக்கு நடந்ததை உதாரணம் காட்டிப் பதில் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் இது வேறு கேள்வி.

இதுவரை சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: சிறுபான்மை என்பது ஒரு கூட்டத்தின் குணமல்ல, இரண்டு கூட்டங்களுக்கு இடையிலான உறவு. வழக்கத்தை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் என்பதில்தான் அந்த உறவு நிற்கிறது.

முத்திரை எப்படி உருவாகிறது: ஒரு லயத்தின் முகவரி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் இலங்கையில் முதலில் காப்பித் தோட்டம் போட்டார்கள். பிறகு தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் தொடங்கியது அது. வேலைக்கு ஆள் போனது தமிழ்நாட்டிலிருந்து. ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணிமார் கூட்டிப் போக, தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. போய்ச் சேர்ந்தவர்களுக்குத் தோட்டம் கொடுத்த வீடு லயம். நீளமான ஒரே கூரை, அதன் கீழே சுவருக்குச் சுவர் ஒட்டிய அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது வழக்கமான அளவு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, மலையேறித் தேயிலைக் கொழுந்து எடுத்து, நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும்.

லயத்து அறைக்குத் தனி முகவரி கிடையாது. கடிதத்தில் ஆள் பெயர், டிவிஷன் என்ற தோட்டப் பிரிவு, தோட்டத்தின் பெயர், அவ்வளவுதான் எழுத முடியும். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் எத்தனையோ பேர். தபால்காரர் வீடு வீடாக வருவதில்லை. கட்டாகத் தோட்ட ஆபீசில் போட்டுவிட்டுப் போவார். அங்கிருந்து அது லயத்துக்கு வந்து சேருவது யாரோ ஒருவரின் தயவு. நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம் தேதி முடிந்து கைக்கு வரும். அடகு நகையை மீட்கச் சொன்ன நோட்டீஸ் ஏலம் போன பிறகு வரும். நீதிமன்ற அழைப்பாணையும் அப்படித்தான். இது பழங்கதை இல்லை. மலையகத்தில் இளைஞர்கள் தனி முகவரி வேண்டுமென்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். கொழும்பில் வேலைக்கு ஆள் எடுப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: தோட்டத்து விண்ணப்பதாரர் சொன்ன நாளுக்கு வரவில்லை. நகரத்து வங்கிக்குத் தெரிவது: நோட்டீஸ் அனுப்பியும் வந்து பணம் கட்டவில்லை. “தோட்டத்து ஆட்களுக்குப் பொறுப்பு போதாது” என்று ஒரு வாக்கியம் இப்படித்தான் பிறக்கும். இதற்குப் பெயர் முத்திரை: ஒரு கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் ஒரே குணத்தை ஒட்டிவிடுவது. அந்த முத்திரையை நம்பி, ஆளைப் பார்க்கும் முன்பே அவரைப் பற்றி எடுத்துவைத்த முடிவுதான் தப்பெண்ணம்.

முகவரி ஒரு நூல். இதுபோல இன்னும் பல நூல்கள் சேர்ந்து கயிறாகத் திரிந்தன. 1948இல் சுதந்திரம் கிடைத்த கையோடு வந்த குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்த எத்தனை பேரிடம் அப்படி ஒரு காகிதம் இருந்திருக்கும்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் பாராளுமன்றத்துக்கு ஆள் அனுப்பிய மக்களுக்கு 1952 தேர்தலில் ஒரு பிரதிநிதி இல்லை. பிரதிநிதி இல்லாத இடத்துக்கு ரோடும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் எப்படி வரும்? தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை பல இடங்களில் ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை. அதன் பிறகு, “இவர்களுக்குப் படிப்பு ஏறாது” என்ற பேச்சுக்கு என்ன குறை?

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல் இந்தச் சுழலைத் தானே பலிக்கும் கணிப்பு என்றார். ஒரு தவறான கணிப்பு, அதை நம்பி நாம் நடந்துகொள்வதாலேயே உண்மையாகிவிடுவதுதான் அது. அவர் காட்டிய உதாரணம் தொழிற்சங்கங்கள். கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தை உடைப்பவர்கள் என்று சொல்லி வெள்ளையர் சங்கங்கள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. சங்கத்தில் சேர முடியாதவருக்கு, வேலைநிறுத்தத்தின்போது முதலாளி கூப்பிட்டால் போவதைத் தவிர வேறு வேலை கிடைக்கவில்லை. போனார்கள். “பார்த்தீர்களா, சொன்னோமே” என்றன சங்கங்கள்.

ஆக, வரிசை தலைகீழ். தப்பெண்ணம் முதலில் வந்து அதிலிருந்து அநீதி பிறக்கிறது என்றுதான் நாம் வழக்கமாக நினைக்கிறோம். பல இடங்களில் ஏற்பாடு முதலில் வருகிறது, அதன் காயம் அடுத்து வருகிறது, அந்தக் காயத்தையே குணமென்று காட்டும் எண்ணம் கடைசியில் வந்து ஏற்பாட்டுக்குக் காவல் நிற்கிறது.

எண்ணிக்கையே ஒரு விளைவு

மலையகத் தமிழரைக் கணக்கெடுப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவார்கள். 1953இல் அவர்கள் இலங்கை மக்கள்தொகையில் சுமார் 12 சதவீதம். 2012இல் 4 சதவீதத்துக்குச் சற்று மேல். அவர்கள் சிறுபான்மையாக இருந்ததால் நடத்தப்பட்ட விதம் ஒருபக்கம். நடத்தப்பட்ட விதத்தாலேயே இன்னும் சிறுபான்மையானது மறுபக்கம். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. கப்பலேற்றியது போக, வசைக்கு அஞ்சிக் கணக்கெடுப்பில் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டவர்களும் உண்டு. தப்பெண்ணம் மனிதர்களைப் புண்படுத்துவதோடு நிற்பதில்லை, புள்ளிவிவரத்தையும் மாற்றுகிறது.

நினைப்பும் நடப்பும்

தப்பெண்ணம் மனதில் இருப்பது. ஒருவருக்கு வேலை, வீடு, இடம் என்று ஏதாவதொன்றை அவர் சார்ந்த கூட்டத்துக்காக மறுப்பது பாகுபாடு. இரண்டும் எப்போதும் கைகோத்துப் போகும் என்று எண்ண வேண்டாம். 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாப்பியர் என்ற ஆய்வாளர் ஓர் இளம் சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். சீனர் குடியேறத் தடைச் சட்டம் நடப்பில் இருந்த காலம். விடுதியும் உணவகமுமாக 251 இடங்களில் நுழைந்தார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். சில மாதம் கழித்து அதே இடங்களுக்கு, ‘சீனர்களை உபசரிப்பீர்களா?’ என்று கடிதம் போட்டார். பதில் வந்தவற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் மாட்டோம் என்றுதான் இருந்தது.

நல்ல உடையும் சிரித்த முகமுமாக, வெள்ளைக்காரர் ஒருவரோடு நேரில் வந்து நிற்பவரை மறுப்பது கஷ்டம். காகிதத்தில் ஒரு கூட்டத்தையே மறுப்பது சுலபம். மலையகத்தின் கதை முழுக்கக் காகிதத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் தனி மனிதர்களின் நல்ல குணத்தை மட்டும் நம்பியிருக்க முடிவதில்லை.

பயந்த பெரும்பான்மை

ஆதிக்கத்தில் இருப்பவர்கள் எப்போதும் தெம்பாக இருப்பார்கள் என்றும் நினைக்க வேண்டாம். சிங்களவர் இலங்கையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. ஆனால் சிங்களத்துக்கு உலகில் வேறு நாடு கிடையாது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் கோடிக்கணக்கில் தமிழர். நாட்டுக்குள் பெரும்பான்மை, வட்டாரத்தில் சிறுபான்மை என்ற உணர்வு. போதாததற்கு, மிஷனரிப் பள்ளிகளால் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த தமிழர்கள் காலனி அரசு உத்தியோகங்களில் தங்கள் விகிதத்தைவிட அதிகம் இருந்தார்கள். இதனால் சிங்களவருக்கு வந்த ஏக்கத்தில் நியாயமான பகுதியும் இருந்தது. சிங்களம் மட்டும் தெரிந்த கிராமத்துப் பிள்ளைக்கு ஆங்கிலேயர் ஆட்சியில் கதவு சாத்தித்தான் இருந்தது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கி 1956இல் வந்த தனிச் சிங்களச் சட்டம் அந்தக் கதவைத் திறந்த விதம்தான் வினை. திறந்த கையோடு அடுத்தவர் முகத்தில் அதைச் சாத்தியது. பயம் உள்ள இடத்தில் தப்பெண்ணத்துக்குத் தனியாக உரம் போட வேண்டியதில்லை. அதை ஓட்டாக மாற்றத் தெரிந்த அரசியல்வாதி ஒருவர் போதும்.

அடிபட்டவர்களிடமும்

சிறுபான்மையாக இருந்தால் தப்பெண்ணம் இருக்காது என்பதும் பரவலான நம்பிக்கை. நமக்குச் சங்கடம் தரும் இடம் இதுதான் என்பதால் சற்று நிற்கலாம்.

மலையகத்தாரைக் ‘கள்ளத்தோணி’ என்று சிங்களவர் மட்டுமா ஏசினார்கள்? ‘தோட்டக்காட்டான்’ என்பது தமிழர் வாயிலிருந்து வந்த தமிழ் வசை. 1948-49இல் குடியுரிமை பறிபோனபோது தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அரசில் சேர்ந்து அமைச்சரானார். அதைப் பொறுக்காமல் அதே கட்சியிலிருந்த செல்வநாயகம் பிரிந்து போய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். கலவரங்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறியவர்களில் பலர் அங்கேயும் அடுத்தவர் வயலில் கூலிகளாகத்தான் இருந்தார்கள். பழைய வசையும் கூடவே வந்தது.

ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு கூடலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் ‘டேன்டீ’ தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரன்’. அக்கரையில் இந்தியன், இக்கரையில் சிலோன்காரன். ஆள் ஒருவர்தான், கொழுந்து எடுக்கும் கையும் அதேதான். மாறியது சுற்றி நிற்கும் கூட்டம். ஒருவருடைய குணத்திலிருந்து முத்திரை வருகிறது என்று இதற்குப் பிறகும் யாராவது வாதாடினால், அக்கரை முத்திரையா இக்கரை முத்திரையா எது சரி என்று கேட்டுப் பார்க்கலாம்.

பழகினால் போய்விடுமா?

ஒருவரோடொருவர் பழகினால் தப்பெண்ணம் குறையும் என்பார்கள். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் இதற்கு நிபந்தனை வைத்தார். பழகுபவர்கள் அந்த இடத்தில் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும். ஒரே நோக்கம் இருக்க வேண்டும். ஒருவர் ஜெயிக்க மற்றவர் தோற்க வேண்டிய நிலை இல்லாமல் சேர்ந்து உழைக்க வேண்டும். சட்டமோ நிர்வாகமோ அந்தப் பழக்கத்துக்குத் துணை நிற்க வேண்டும்.

வெறுமனே பக்கத்தில் இருந்தால் போதுமென்றால் ஹட்டன், நுவரெலியா போன்ற மலையக ஊர்களில் எப்போதோ தப்பெண்ணம் தீர்ந்திருக்கும். கடைக்காரரும் தோட்டத்தாரும் தலைமுறை தலைமுறையாக அன்றாடம் சந்திக்கிறார்கள். ஆனால் ஒருவர் கடன் கொடுப்பவர், மற்றவர் கடன் சொல்பவர். தோட்ட அதிகாரியான துரையும் தொழிலாளியும் சந்திக்கிறார்கள், ஒருவர் பெரட்டு எடுக்க, மற்றவர் பேர் கொடுக்க. இப்படிப்பட்ட சந்திப்பு முத்திரையை இன்னும் அழுத்திக் குத்தத்தான் செய்யும்.

2023இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200ஆவது ஆண்டை ஒட்டி, முன்னோர் நடந்த அதே வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் போனார்கள். வடக்குத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அதில் கூட நடந்தார்கள். காணி, வீடு, சம்பளம், மொழியுரிமை என்று கோரிக்கைகளும் பொதுவில் வைக்கப்பட்டன. ஆல்போர்ட் சொன்ன நான்கில் மூன்று அந்தச் சாலையில் இருந்தன. நான்காவதான சட்டத்தின் துணை அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. 2003இல் ஒரு சட்டம் போட்டு, 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையிலேயே வாழ்ந்துவந்த நாடற்றவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கொடுத்தது அதே அரசாங்கம்தான். இன்னும் லயத்தில் இருக்கும் குடும்பங்கள் இப்போது கேட்பது வீடு கட்ட ஒரு துண்டு நிலம், சொந்தப் பெயரில் காணி உறுதி என்ற நிலப் பத்திரம், கதவில் ஓர் இலக்கம்.